சாகப்போகிறவரின் கட்டிலருகே நிற்கும் தாதியின் மனம்

கேள்வியை எழுதியவர் சில மாதங்களுக்கு முன், கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் தன் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. இரவு 10 மணிக்கு மோர்பீன் ஊசி போட்டார்கள் என்றும், விடியற்காலை 4.30 மணிக்கு மூச்சு நின்றது என்றும், கடமையிலிருந்த தாதியர் திரையை இழுத்து மூடி, நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள் என்றும், ஒருவர் முகத்தில்கூட எந்தச் சலனமும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மரணம் தாதியருக்குப் பழகிப்போய்விடுமா, இறக்கும் நிலையில் இருப்பவரைப் பராமரிப்பது பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. என் அப்பா அவர்களுக்கு வெறும் கட்டில் இலக்கமாகத்தான் இருந்தாரா? அந்த ஊசிதான் அவரைக் கொண்டுபோனதா? பொதுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அது நேர்மையாக இருக்காது.

நான் கொழும்பில் அரச வைத்தியசாலைகளில் 34 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். கடைசி 9 ஆண்டுகள் ஒரு மருத்துவ விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டராக இருந்தேன். ஓய்வுபெற்ற பின் சில காலம் பயிலுநர் தாதியருக்கு வகுப்பு எடுத்தேன். உங்கள் தந்தை இறந்த இரவில் நான் அங்கே இருக்கவில்லை. அங்கே நின்ற தாதிப் பிள்ளைகள் யாரென்றும் எனக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. அந்த வேலையில் இருப்பவர்களின் மனம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும், நான் கண்டதையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த முகம். அந்த இரவில் உங்கள் அப்பாவுக்கு இடப்பக்கக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே நோயுள்ள ஒருவராக இருந்திருப்பார், அல்லது அதே வயதுடைய ஒருவராக. திறந்த விடுதியில் நோயாளர் தூங்குவது குறைவு. ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்படும் சத்தம் கேட்டவுடன் முப்பது நாற்பது சோடிக் கண்கள் திறந்துகொள்ளும். அந்தக் கண்கள் இறந்தவரைப் பார்ப்பதில்லை, திரைக்கு வெளியே வரும் தாதியின் முகத்தைத்தான் பார்க்கும். அந்த முகத்தில் பயமோ கண்ணீரோ இருந்தால், அடுத்தது தான்தான் என்று அவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள். பயிற்சிக் காலத்தில் எங்கள் சிஸ்டர் ஒருவர், திரைக்குள் அழ வேண்டுமென்றால் அழு, வெளியே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று சொல்லித் தந்தார். அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் கண்டிருக்கக்கூடும். அடுத்த கட்டிலுக்குப் போனது உங்கள் அப்பாவை விட்டுப் போனதாக உங்களுக்குப் பட்டிருக்கும்; அந்த அடுத்த கட்டில்காரரின் நெஞ்சு அப்போது எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அந்தத் தாதிக்குத் தெரியும்.

பழகிப்போய்விடுமா என்றால், கைகளுக்குப் பழகிவிடும் என்பது உண்மை. எனக்குப் பத்தொன்பது வயதில், முதல் முறையாக ஓர் உடலைக் கழுவித் தயார்படுத்தச் சொன்னபோது என் விரல்கள் நடுங்கியதில் பஞ்சு கீழே விழுந்தது. பின்னர் அந்த வேலை தானாகவே நடக்கத் தொடங்கியது. இமைகளை மெதுவாக மூடி, ஈரப் பஞ்சைச் சற்று நேரம் வைத்திருப்போம். தாடையை பந்தேஜால் கட்டுவோம். ஊசிக் குழாய்களை எடுத்து அந்த இடங்களை மூடுவோம். உடலைத் துடைத்து, கை கால்களை நேராக்கி, பெயர்ச்சீட்டைக் கட்டி, வெள்ளைத் துணியால் மூடுவோம். ஆனால் நான் பார்த்த தாதியரில் பெரும்பாலோர் இந்த வேலையின்போது இறந்தவரோடு பேசுவார்கள். "ஐயா, இந்தப் பக்கம் ஒருக்காத் திருப்பப் போறன்" என்று, உயிரோடு இருக்கும்போது சொன்ன அதே தொனியில் சொல்வார்கள். சிங்களத் தாதியரும் அப்படியே, "சீயா" (தாத்தா) என்று கூப்பிட்டபடி. இதை எந்தப் பாடத்திலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. திரைக்கு வெளியே நின்ற உங்களுக்கு இது கேட்டிருக்க வழியில்லை.

இனி ஆய்வுகள். தாதியரின் மனப்பாங்கை அளக்க உலகம் முழுவதும் மிகுதியாகப் பாவிக்கப்படும் கருவி, அமெரிக்கத் தாதியான கேத்தரின் ஃபுரொமெல்ட் 1991இல் வெளியிட்ட அளவுகோல். அதில் 30 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். மொத்தப் புள்ளி 30 முதல் 150 வரை வரும்; புள்ளி கூடினால் மனப்பாங்கு கூடுதல் சாதகம் என்று பொருள். இறப்பைப் பற்றி நோயாளியோடு பேசுவது சங்கடமாக இருக்குமா, அவர் உயிர் பிரியும் தருணத்தில் அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருக்குமா என்ற வகையில் அவை அமைந்திருக்கும். வகுப்பில் நான் இதைப் பயிலுநர்களிடம் நிரப்பக் கொடுப்பதுண்டு. ஓடிவிடத் தோன்றும் என்ற கூற்றில்தான் பேனாக்கள் நிற்கும். இந்த அளவுகோலைக் கொண்டு பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இரண்டு விடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இறக்கும் நிலையிலுள்ளோரைப் பராமரிக்கவென்றே பயிற்சி பெற்றவர்களும், அந்த அனுபவம் கூடியவர்களும் பொதுவாக உயர்ந்த புள்ளி எடுக்கிறார்கள். நோயாளியின் உடலைப் பராமரிப்பதில் தாதியருக்குத் தயக்கம் குறைவு, மரணத்தைப் பற்றி அவரோடு வாய் திறந்து பேசுவதில்தான் தயக்கம் கூடுதல்.

இதில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது விடயம் என் அனுபவத்தோடு வரிக்கு வரி பொருந்துவதால் அதில் எனக்கு ஐயமில்லை. முதலாவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே தடவை கேள்விக்கொத்துக் கொடுத்து எடுக்கப்பட்டவை. அனுபவம் மனதைக் கனியவைத்ததா, அல்லது தாங்க முடியாதவர்கள் வேறு பிரிவுகளுக்கு இடமாற்றம் கேட்டுப் போய்விட்டதால் மிஞ்சியவர்களின் புள்ளி உயர்ந்து தெரிகிறதா என்பதை அப்படியான கணக்கெடுப்பால் பிரித்துக் காட்ட முடியாது. மேலும், தாளில் ஒன்றைக் குறிப்பவர் இரவு இரண்டு மணிக்கு மணியடித்தால் அதையே செய்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. தாதியரை நோகடிப்பது மரணம் அன்று. அந்த மரணம் எப்படி நடந்தது என்பதுதான். நன்றாகப் பராமரிக்கப்பட்டு, வலி அடங்கி, பக்கத்தில் உறவினர் இருக்க அமைதியாகப் போனவரை நினைத்து நாங்கள் கலங்கியிருக்கிறோம், ஆனால் அந்த நினைவு எங்களைத் தொல்லைப்படுத்தியதில்லை. தொல்லைப்படுத்துவது செய்ய முடியாமற்போனவை. அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யவிடாமல் நிறுவனத்தின் நடைமுறைகள் கட்டிப்போடும்போது ஏற்படும் இந்த வேதனைக்கு, அண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற மெய்யியலாளர் 1984இல் அறநெருக்கடி என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். தாதியரைப் பார்த்தே அவர் அதை எழுதினார். பெயர் எங்களை வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றாலும், அந்த வேதனையை நாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்தோம்.

ஓர் உதாரணம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று காலைச் சுற்றில் வைத்திய நிபுணர் வாயால் சொல்லிவிட்டுப் போவார், நோயாளியின் சிகிச்சைச் சீட்டில் எழுதமாட்டார். இரவு அந்த நோயாளியின் இதயம் நிற்கும்போது, எழுத்தில் ஒன்றுமில்லாததால் கடமையிலுள்ள இளம் வைத்தியர் நெஞ்சை அழுத்தச் சொல்லுவார். எண்பது வயது அம்மா ஒருவரின் நெஞ்செலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே முறிவதை நான் உணர்ந்திருக்கிறேன். அவர் பிழைக்கமாட்டார் என்று அந்த இடத்தில் நின்ற நால்வருக்கும் தெரியும். வெளியே நின்ற மகன், எல்லாம் செய்தார்கள் என்று எங்களுக்கு நன்றி சொன்னார். நான் கைகழுவும் இடத்தில் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியரிடம் ரெனேயா பெக்ஸ்ட்ராண்ட் என்ற தாதிப் பேராசிரியை நடத்திய ஆய்வுகளிலும் இதன் சாயலைக் காணலாம்: உயிர்காப்பு முயற்சி என்றால் உடலுக்கு என்ன நடக்கும் என்று குடும்பத்தினர் அறியாதிருப்பதும், சிகிச்சையை எந்தத் திசையில் கொண்டுபோவது என்பதில் வைத்தியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லாதிருப்பதும் பெரிய தடைகளாகச் சொல்லப்பட்டன. நல்ல மரணத்துக்குக் கைகொடுப்பவை என்று அவர்கள் சொன்னவற்றில், உயிர் பிரிந்த பின் உடலோடு தனித்திருக்கக் குடும்பத்துக்குப் போதிய நேரம் கொடுப்பதும் ஒன்று. அங்கே தனி அறைகள் உண்டு. எங்கள் விடுதியில் அடுத்த நோயாளி தரையில் பாயில் படுத்தபடி அந்தக் கட்டிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு எவ்வளவு நேரம் தந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குறைவாகத் தந்திருந்தால் அது தவறுதான், ஆனால் அந்தத் தவறின் பெரும்பகுதி அந்தப் பாயிலிருந்து வந்திருக்கும்.

அடுத்தது மறைத்தல். இதைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். "அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்ஸி, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்று விடுதி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட மக்களை எண்ணி முடியாது. அதே அப்பா மாலையில், மகள் போன பிறகு, "பிள்ளை, எனக்கு இனி நாள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டாள்" என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, பேச வேண்டிய நாட்களைப் பேசாமலே கழித்துவிடுவார்கள். நடுவில் நிற்கும் தாதி இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் நிற்பார். சான் பிரான்சிஸ்கோ பகுதி வைத்தியசாலைகளை ஆராய்ந்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1965இலேயே இந்த நிலையை விவரித்து, அதைப் பரஸ்பரப் பாசாங்கு என்று வகைப்படுத்தினார்கள். இது நம்மவரின் தனிக்குணம் என்று பலர் நினைப்பதால் இதைச் சொல்கிறேன். நம்மிடம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் வேர் எல்லா இடத்திலும் ஒன்று. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதும் நடந்திருந்தால், தாதியர் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்கியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். சொல்லக்கூடாத ஒன்றை வாய்க்குள் வைத்திருப்பவர் இயல்பாகப் பேசுவது கடினம்.

கொழும்பில் இதோடு மொழியும் சேர்ந்துகொள்ளும். மஹரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும் கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் நோயாளர் அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் பலருக்குச் சிங்களம் வராது. விடுதியிலுள்ள தாதியரில் பலருக்குத் தமிழ் வராது. "தண்ணி", "வலி", "சாப்பாடு" என்ற அளவுக்கு எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லவும் கேட்கவும் அது போதாது. தமிழ் பேசும் தாதி ஒருவர் கடமையில் இருந்தால் பக்கத்து விடுதிகளிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டு நான் போன இடமொன்றை இன்றும் மறக்கவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த முதியவர். மூன்று நாளாக ஏதோ கேட்கிறார், ஒருவருக்கும் விளங்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து கேட்டால், பிளேன்டீ கேட்கிறார். விழுங்கும் சக்தி போய்விட்டிருந்தது. குடிக்கக் கொடுத்தால் புரைக்கேறும். அந்த விடுதியிலிருந்த சிங்களத் தாதி, பயிற்சி முடித்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை, தன் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றி ஆறவைத்தாள். ஒரு துண்டு கோஸ் துணியைச் சுருட்டி, அதில் நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒற்றினாள். முதியவர் உதட்டை இரண்டு முறை சப்பினார். பிறகு சீனி போதாது என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் எழுந்து ஓடிப்போய்ச் சீனி எடுத்து வந்தாள். அடுத்த நாள் மாலை அவர் இறந்தபோது அவள் கடமையில் இல்லை. மறுநாள் வந்து கட்டில் மாறியிருப்பதைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள் என்று அங்கிருந்த சிஸ்டர் பின்னர் சொன்னார். அந்த நேரத்தில் அவளை நீங்கள் பார்த்திருந்தால், அவள் முகத்தில் சலனமே இல்லை என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

இனி மோர்பீன். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் உரியதன்று, எங்களுக்கும் உண்டு. கடைசி ஊசியைப் போட்ட கை என் கைதானே என்ற நினைப்பு எத்தனையோ தாதியரை வீடுவரை தொடர்ந்து வந்திருக்கிறது. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து என்பதால் மோர்பீன் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கும். எடுக்கும்போது இருவர் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். இந்தக் கெடுபிடியே அது ஏதோ கொல்லும் மருந்து என்ற எண்ணத்தைப் புதிய தாதியர் மனதில் விதைத்துவிடுகிறது. அதன் விளைவாகப் பயந்து பயந்து குறைவாகவும் தாமதமாகவும் கொடுத்து, நோயாளியை வலியில் விட்டுவைத்த இரவுகளும் உண்டு. உண்மை என்னவென்றால், முன்பு இந்த மருந்தைப் பாவிக்காத முதியவருக்குத் தோலுக்குக் கீழ் 2.5 மில்லிகிராம் அளவில் தொடங்கி, வலியையும் மூச்சையும் பார்த்துப் படிப்படியாகக் கூட்டினால், அது மூச்சை நிறுத்துவது மிக அரிது. தோலுக்குக் கீழ் போட்ட மோர்பீனின் முழு வேகம் பொதுவாக முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அதன் பலன் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் நிற்கும். சிறுநீரகமோ ஈரலோ பழுதடைந்தவருக்கு இது நீளும், அதனால்தான் அவர்களுக்கு அளவைக் குறைப்போம் அல்லது இடைவெளியைக் கூட்டுவோம்.

மருந்து அதிகமானால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு: எழுப்ப முடியாத உறக்கம், கண்மணி ஊசிமுனையளவு சுருங்குதல், ஒரே சீராக மெதுவாகிக்கொண்டு போகும் மூச்சு. இறக்கும் தறுவாயில் வரும் மூச்சு வேறு மாதிரி. ஆழமாகி, வேகமாகி, மெல்லக் குறைந்து, சில நொடிகள் நின்று, பிறகு மீண்டும் தொடங்கும். உங்கள் அப்பாவின் மூச்சு இடையிடையே நின்று நின்று வந்ததாகவும், தொண்டையில் கரகரப்பு இருந்ததாகவும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது நோயின் முடிவில் வரும் மூச்சோடுதான் ஒத்துப்போகிறது. ஊசிக்கும் மரணத்துக்கும் இடையே ஆறரை மணித்தியாலம் சென்றிருக்கிறது. சீட்டிலுள்ள அளவையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் இல்லை. ஆனால் இந்த வேலையில் இத்தனை காலம் இருந்தவள் என்ற முறையில் என் கருத்து, அந்த ஊசி அவரைக் கொண்டுபோகவில்லை, அந்தக் கடைசி இரவில் வலியில்லாமல் இருக்க உதவியது என்பதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தொண்டையில் வரும் கரகரப்பு பக்கத்தில் நிற்பவரைத்தான் வதைக்கும். சளியை விழுங்கும் உணர்வே மங்கிவிட்ட நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

கடைசியில் போவது செவிப்புலன் என்று தாதியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நானும் எத்தனையோ பிள்ளைகளிடம், "காதுக்குக் கிட்டப் போய்ச் சொல்லுங்கோ, கேக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். 2020இல் கனடாவின் வான்கூவரில், இறப்பதற்குச் சில மணித்தியாலங்களே இருந்த, எதற்கும் பதில் தராத சில நோயாளரின் மூளை அலைகளை அளந்து பார்த்தார்கள். சிலரின் மூளை, ஒலியில் வந்த மாற்றங்களுக்கு ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. அளக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். மூளை ஒலியை ஏற்பதும், மகளின் குரலென்று அறிவதும் ஒன்றல்ல. அந்த அளவுக்குத்தான் இதை உறுதி என்று சொல்லலாம். ஆனாலும் நான் இன்னும் அதையேதான் சொல்லுவேன்: கிட்டப் போய்ப் பேசுங்கள். கலிமாவைக் காதில் ஓதிய மகனையும், திருநீற்றைப் பூசிவிட்டுப் பதிகம் பாடிய மனைவியையும், கட்டிலில் பௌத்தர்களின் பிரித் நூல் கட்டிய தங்கையையும், செபமாலையைக் கைக்குள் வைத்த தாயையும் கண்டிருக்கிறேன். இவற்றில் எதற்கும் ஒரு தாதி தடை சொல்லி நான் அறியேன். மாறாக, பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் காவலாளியிடம் சொல்லி ஆளை உள்ளே எடுத்தவர்கள்தான் கூடுதல்.

அது தடைபட்ட ஒரு காலமும் இருந்தது. கொவிட் தொற்றின்போது நோயாளர் உறவினர் முகம் காணாமலே இறந்தார்கள். 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்து, 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது மாற்றப்பட்டது. அந்தப் பத்து மாதங்களில், இறந்தவரை அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு நேர்ந்ததை, பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்று தொலைபேசியைக் கட்டிலில் கிடந்தவரின் காதருகே பிடித்த தாதியரிடம் கேளுங்கள். நான் அப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை இரவில் அழைத்து, எதுவும் பேசாமல் இருபது நிமிடம் அழுதாள். வைத்தியசாலையில் அவள் ஒருபோதும் அழவில்லை என்று அவளுடைய சிஸ்டர் என்னிடம் சொன்னார்.

எல்லாத் தாதியரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மரத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். நோயாளியை இலக்கத்தால் கூப்பிடுபவர்களையும், இறப்பவரின் கட்டிலை வேண்டுமென்றே சுற்றிப் போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்த காலம் உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஒரே வாரத்தில் ஏழு மரணங்களைப் பார்த்த பின், ஓர் அம்மா இரவு முழுவதும் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வலி இல்லை, மருந்து நேரமும் இல்லை. பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். அறுபதுக்கு மேற்பட்ட நோயாளருக்கு நாங்கள் இருவர். வருகிறேன் அம்மா என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான் போகவில்லை. நேரம் இல்லை என்பது உண்மை, ஐந்து நிமிடம் எடுத்திருக்கலாம் என்பதும் உண்மை. விடியும்போது அவர் இறந்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் மரத்துப்போன தாதியும் தன்னைக் காத்துக்கொள்ளும் தாதியும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். சில இரவுகளில் ஒரே ஆளே இரண்டாகவும் இருப்பார்.

இதை மாற்றக்கூடியவை எவையென்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆள்பலம், பயிற்சி, மருந்து கிடைக்கும் நிலை. 1967இல் இலண்டனில் குணமாக்க முடியாத நோயாளரின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் முதலாவது நவீன நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வைத்தியராவதற்கு முன் தாதியாக இருந்தவர். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் சேர்ந்தே நோயாளியின் வலி என்று அவர் கண்டது, கட்டிலருகே இருந்து கேட்டதால்தான். மஹரகமவில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன என்ற நோய்த்தணிப்பு இல்லத்துக்குப் பயிலுநர்களை அழைத்துப் போனபோது, இரண்டு மணித்தியாலத்தில் அவர்கள் கற்றதை நான் ஆறு மாத விரிவுரையில் கற்பித்திருக்க முடியாது. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரையான தேசியத் திட்டமொன்றைச் சுகாதார அமைச்சு வகுத்தது. அதே காலத்துக்குள் தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தன. மருந்துகள் தட்டுப்பட்டன, பயிற்சி பெற்ற தாதியர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த இரவு அதன் பின்வந்த ஓர் இரவு.

அந்தத் தாதியரிடம் நேரில் போய்க் கேட்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். திகதி, விடுதி இலக்கம், அப்பாவின் பெயர், முடிந்தால் அவருடைய படம் ஒன்று ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கடமை மாறும் காலை 7 மணிக்கும் பகல் 1 மணிக்கும் போகாதீர்கள். பொறுப்பு ஒப்படைப்பு நடக்கும், யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. பிற்பகல் 3 மணியளவில் விடுதி சற்று ஓய்ந்திருக்கும். சிஸ்டரைக் கேட்டு, அந்த இரவுக் கடமையில் யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். முறையிட வந்திருக்கிறீர்கள் என்று முதலில் பயப்படுவார்கள், அதனால் எதற்காக வந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும், எந்தக் கட்டில், என்ன கேட்பார், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வரும்.